ஜி.பி. சர்ஜரிக்கும் அதை நடத்தும் மேனேஜருக்கும் நாம் எப்படித் துணை நிற்கலாம்?

இங்கிலாந்தில் நீங்கள் ஜி.பி. சர்ஜரிக்கு, அதாவது குடும்ப மருத்துவர் நிலையத்துக்கு, மாதம் மூன்று முறை போனாலும், வருடம் முழுக்கப் போகாவிட்டாலும், உங்களுக்காக அதற்குக் கிடைக்கும் அடிப்படைப் பணம் ஒன்றுதான். 1948-இல் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். தொடங்கியபோது குடும்ப மருத்துவர்கள் அரசு ஊழியர்களாகச் சேரவில்லை, ஒப்பந்தக்காரர்களாகவே நின்றார்கள். பெரும்பாலான சர்ஜரிகள் இன்றும் சில டாக்டர்கள் கூட்டாக நடத்தும் சிறு நிறுவனங்கள்தான். பதிவில் உள்ள ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 120 பவுண்டு வருகிறது (2025-26 கணக்கு). வயது, பாலினம், உடல்நலத் தேவை ஆகியவற்றைப் பார்த்து அது கூடும், குறையும். ரிசெப்ஷன் சம்பளம், நர்ஸ் சம்பளம், மின்சாரம், துப்புரவு எல்லாம் பெரும்பாலும் இதற்குள்தான். ஏப்ரல் 2025-இல் ஊழியர் சம்பளத்தின் மேல் முதலாளி கட்டும் நேஷனல் இன்சூரன்ஸ் வரி 13.8-இலிருந்து 15 சதவீதமாக ஏறியபோது, அந்தச் சுமையும் இந்தப் பணத்தின் மேல்தான் விழுந்தது.

இந்தக் கணக்கைத் தினமும் சரிக்கட்டுகிறவர் பிராக்டிஸ் மேனேஜர். நோயாளிகளில் பலர் அவர் முகத்தைப் பார்த்ததே இல்லை. ஏதாவது தவறு நடந்தால் மட்டும்தான் "மேனேஜரைக் கூப்பிடு" என்கிறோம். அவர் மேசையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால், அவருக்கு உதவுவது எவ்வளவு எளிது என்பதும் தெரியும்.

தடுப்பூசி ஃப்ரிட்ஜை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். சர்ஜரி திறந்திருக்கும் ஒவ்வொரு நாளும் ஒருவர் குறைந்த அளவு, கூடிய அளவு, அப்போதைய அளவு மூன்றையும் படித்து எழுதி, மீட்டரைப் பழையபடி சுழியாக்க வேண்டும். பெட்டிகள் பின்சுவரில் ஒட்டக் கூடாது, ஒட்டினால் மருந்து உறைந்துபோகும். காற்று ஓட இடம் விடாமல் திணிக்கவும் கூடாது. துப்புரவுக்கு வந்தவர் வேக்யூம் போட ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்குவது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ஆபத்து. சுவிட்ச் இல்லாத சாக்கெட் வைப்பதும், பிளக் மேல் எச்சரிக்கை ஒட்டுவதும் அதனால்தான். அளவு தப்பினால் மருந்தை உடனே கொட்டிவிட முடியாது. தனியாக ஒதுக்கிக் குறி போட்டு, எவ்வளவு நேரம், எத்தனை டிகிரி என்று கணக்கெடுத்து, தயாரிப்பாளரிடமும் தடுப்பூசிக் குழுவிடமும் கேட்க வேண்டும். அன்று ஊசிக்கு வர இருந்த குழந்தைகளின் வீடுகளுக்கெல்லாம் போன் போகும். "ஊசி இன்றைக்கு இல்லை" என்று ரிசெப்ஷனில் சொன்னால் பின்னால் இப்படி ஒன்று நடந்திருக்கலாம்.

இது ஒரு மூலைதான். அவசரப் பெட்டியில் அட்ரினலின் காலாவதி தேதி, ஆக்சிஜன் அளவு, பயன்படாத குழாய்களில் லீஜியோனெல்லா கிருமி வராமல் வாரம்தோறும் தண்ணீர் ஓடவிடுவது, ஊழியர்களின் குற்றப் பின்னணிச் சோதனை என எல்லாவற்றுக்கும் பதிவேடு வேண்டும். மருத்துவ நிலையங்களைக் கண்காணிக்கும் சி.க்யூ.சி. அமைப்பின் ஆய்வாளர்கள் வந்தால் முதலில் கேட்பது அந்தப் பதிவேடுகளைத்தான்.

இனி நம் பக்கம். காலை 8 மணி நெருக்கடியிலிருந்து தொடங்கலாம்.

ஒப்பந்தப்படி சர்ஜரியின் வேலை நேரம் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 8 முதல் மாலை 6:30. அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டியவர்களும், ரத்தப் பரிசோதனை முடிவு கேட்பவர்களும், கடிதம் கேட்பவர்களும் ஒரே வரிசையில் 8 மணிக்கு நிற்பதுதான் சிக்கல். ரிசல்ட், கடிதம், பொதுவான கேள்வி ஆகியவற்றுக்கு 11 மணிக்கு மேல் கூப்பிடுங்கள், திங்கட்கிழமையைத் தவிருங்கள். 2025 அக்டோபர் 1 முதல் அவசரமில்லாத கோரிக்கைகளுக்கான ஆன்லைன் படிவம் வேலை நேரம் முழுக்கத் திறந்திருக்க வேண்டும் என்பது விதி. அதைப் பயன்படுத்தலாம்.

படிவத்தில் "வயிற்று வலி, டாக்டர் வேண்டும்" என்று மட்டும் எழுதினால் யாரோ ஒருவர் திரும்ப அழைத்து மீதியைக் கேட்க வேண்டும். எப்போது தொடங்கியது, கூடுகிறதா குறைகிறதா, என்ன மருந்து போட்டுப் பார்த்தீர்கள், எதை நினைத்துப் பயப்படுகிறீர்கள், எந்த நேரத்தில் போன் எடுக்க முடியும் என்ற ஐந்தையும் எழுதுங்கள். தோலில் ஏதாவது என்றால் பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் ஒன்று சேருங்கள். ஒரே விஷயத்துக்குப் படிவமும் போட்டு, போனும் செய்து, நேரிலும் போய் நிற்காதீர்கள். மூன்றையும் ஒருவர் திறந்து, ஒரே ஆள்தான் என்று கண்டுபிடித்து, இரண்டை மூட வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் வேறொருவரின் போனை எடுத்திருக்கலாம். நெஞ்சுவலி, பக்கவாத அறிகுறி, மூச்சு வாங்குவது இவற்றுக்குப் படிவமே கூடாது, அவசர எண் 999-ஐ அழையுங்கள்.

"என்ன பிரச்சினை?" என்று ரிசெப்ஷனில் கேட்பது நம்மில் பலரைச் சீண்டிவிடுகிறது. யாரிடம் அனுப்புவது என்று முடிவெடுக்கத்தான் அந்தக் கேள்வி. முழங்கால் வலிக்கு நேராக பிசியோ, மருந்துக் குழப்பத்துக்கு சர்ஜரியிலேயே இருக்கும் ஃபார்மசிஸ்ட் என்று வழி இருக்கிறது. டாக்டரைக் கட்டுப்படுத்தும் ரகசியக் காப்பு அவர்களுக்கும் உண்டு. சொல்ல விருப்பமில்லையென்றால் "அந்தரங்கமான விஷயம்" என்றால் போதும். தொண்டை வலி, சைனஸ், அக்கி, பூச்சிக்கடித் தொற்று, தோல் கொப்புளம், குழந்தைகளின் காது வலி, 16 முதல் 64 வயதுப் பெண்களின் சிறுநீர்த் தொற்று ஆகிய ஏழுக்கும் 2024 ஜனவரி முதல் மருந்துக் கடையிலேயே பார்த்து, தேவைப்பட்டால் மருத்துவர் சீட்டுக்குரிய மருந்தும் தருகிறார்கள். ஏழு நாளுக்கு உட்பட்ட காய்ச்சல் விடுப்புக்கு ஃபிட் நோட் என்ற டாக்டர் சான்றும் தேவையில்லை. நீங்களே எழுதிக் கொடுக்கலாம். அதற்குள் டாக்டர் சீட்டு கொண்டு வா என்று வேலையிடத்தில் கேட்டால், கேட்பவர்தான் தவறு.

தொடர் மருந்தில் பிசகுவது பெரும்பாலும் நாள் கணக்கில்தான். சர்ஜரிக்கு இரண்டு வேலை நாள், மருந்துக் கடைக்கு இன்னும் இரண்டு மூன்று நாள். ஆகவே கையில் ஏழு நாள் மாத்திரை இருக்கும்போதே என்.எச்.எஸ். ஆப்பில் கேளுங்கள், பாங்க் ஹாலிடே வந்தால் பத்து நாள். வீட்டில் மிச்சம் இருக்கும் மருந்தைப் பட்டியலில் டிக் செய்யாதீர்கள். நிலையான நோய்க்கு ஒரே மருந்து பல மாதமாக ஓடுகிறதென்றால், ஒரு வருடம் வரைக்குமான சீட்டுகளை முன்கூட்டியே மருந்துக் கடைக்கு அனுப்பிவைக்கும் ஏற்பாடு உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள். மாதாமாதம் உங்களுக்கும் சர்ஜரிக்கும் ஒரு வேலை மிச்சம்.

நம் மக்கள் அதிகம் கவனிக்க வேண்டிய இடம் சர்க்கரை நோய்க்கான ஆண்டுப் பரிசோதனை. லண்டனில் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் சர்ஜரிப் பட்டியலில் நம் பெயர்கள் நிறைய. இந்தப் பரிசோதனைகளில் பலவற்றை எத்தனை பேருக்கு முடித்தார்கள் என்பதைப் பொறுத்து சர்ஜரிக்குக் கூடுதல் பணம் வருகிறது. கணக்கு முடிவது மார்ச் 31. ஜனவரியில் ரிசெப்ஷனிலிருந்து ஓயாமல் போன் வருவதன் காரணம் அதுதான். அந்தப் பணத்தில்தான் நர்ஸின் மணிநேரம் நிற்கிறது. உங்கள் கண்ணும் சிறுநீரகமும் காலும் நிற்பதும் அதே பரிசோதனையில்தான் என்பதால், இதில் இரு பக்கத்துக்கும் நன்மை ஒன்றே.

நடைமுறை இப்படி. ரத்தமும் சிறுநீரும் முதலில் கொடுக்க வேண்டும். நர்ஸைப் பார்ப்பது ஓரிரு வாரம் கழித்து. ரத்தம் கொடுக்காமல் நர்ஸ் முன்னால் போய் உட்கார்ந்தால் அவரால் பாதி வேலைதான் செய்ய முடியும், இன்னொரு நாள் ஒதுக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது சிறுநீரைத்தான். காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீர் வேண்டும், சிறுநீரகம் புரதத்தைக் கசியவிடுகிறதா என்று அதில்தான் தெரியும். அதற்குரிய குப்பியை ரிசெப்ஷனில் முந்தைய நாளே வாங்கி, பெயரும் பிறந்த தேதியும் எழுதுங்கள். பெயர் இல்லாத குப்பியை ஆய்வகம் ஏற்காது. பாதங்களையும் பார்ப்பார்கள், எளிதாகக் கழற்றும் சாக்ஸ் போட்டுப் போங்கள். ரத்த அழுத்தத்தை வீட்டில் பார்த்து அனுப்பச் சொன்னால் காலையும் மாலையும் உட்கார்ந்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, ஏழு நாள். முதல் நாள் கணக்கில் சேராது. டாக்டர் முன் ஏறும் அழுத்தம் வீட்டில் ஏறாது என்பதால் இந்த அளவுக்கு மதிப்பு அதிகம்.

போன் நம்பர் மாறினால் சொல்லுங்கள். பதிவுப் படிவத்தில் இனம் என்ற கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். தெற்காசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு 23-ஐத் தொட்டாலே சர்க்கரை ஆபத்து கூடுகிறது. அந்தக் கட்டம் காலியென்றால், ஆபத்து உள்ளவர்களைக் கண்டுபிடிக்கும் கணினித் தேடலில் நீங்கள் வரவே மாட்டீர்கள்.

ஃப்ளூ ஊசியிலும் ஒரு பண விஷயம் இருக்கிறது. பெரியவர்களுக்கான ஃப்ளூ மருந்தை சர்ஜரி பல மாதம் முன்பே தன் பொறுப்பில் ஆர்டர் செய்கிறது. போட்ட ஊசிக்குத்தான் பணம், மிஞ்சியது பெரும்பாலும் நஷ்டம். கடையில் போட்டாலும் உங்களுக்குப் பாதுகாப்பு ஒன்றுதான். ஆனால் சர்ஜரி அழைத்திருந்தால், முடிந்தவரை அங்கேயே போடுங்கள்.

ஊருக்குப் போகிறவர்கள் ஆறு முதல் எட்டு வாரம் முன்பே பேசுங்கள். டைஃபாய்டு, ஹெப்படைடிஸ் ஏ ஊசிகள் என்.எச்.எஸ்.ஸில் இலவசம். ரேபிஸ், மலேரியா மாத்திரை காசுக்கு. மருந்து அதிகபட்சம் மூன்று மாதத்துக்குத்தான் கிடைக்கும், அதற்கு மேல் தங்குவதென்றால் பதிவே நீங்கலாம் என்பதை முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது. இங்கே வரும் அப்பா அம்மாவை மூன்று மாதத்துக்கு உட்பட்டுத் தங்கினால் தற்காலிக நோயாளியாகப் பதியலாம். ஜி.பி.யைப் பார்க்கப் பணம் இல்லை, ஆனால் ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்குக் கட்டணம் வரலாம். அவர்களின் மாத்திரை அட்டைகளைக் கொண்டு போனால் மட்டும் போதாது, பிராண்ட் பெயர்கள் இங்கே யாருக்கும் புரியாது. மெட்ஃபார்மின், அம்லோடிபின் என்று உள்ளிருக்கும் மருந்தின் பெயரும் மில்லிகிராமும் எழுதிய ஒரு தாள் வேண்டும். ஆங்கிலம் சிரமமென்றால் அப்பாயின்ட்மென்ட் எடுக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், இலவசம். நேரமும் கூட்டித் தரச் சொல்லலாம். பள்ளிக்கூடப் பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பது பிள்ளைக்கும் நல்லதல்ல, டாக்டருக்கும் உண்மை முழுதாக வராது.

குறை இருந்தால் சொல்லத்தான் வேண்டும். அதை கவுண்டரில் இருக்கும் பிள்ளைமேல் கத்தித் தீர்ப்பதைவிட, தேதி, நேரம், என்ன நடந்தது, என்ன வேண்டும் என்று மேனேஜருக்கு எழுதுங்கள். மூன்று வேலை நாளுக்குள் கிடைத்ததென்று பதில் வர வேண்டும். பிழை எங்கே என்று அவர் தேடிப் பிடித்துத் திருத்த அந்தத் தேதியும் நேரமும்தான் உதவும். நல்லது நடந்தாலும் ஊழியர் பெயரைக் குறிப்பிட்டு இரண்டு வரி எழுதுங்கள், ஆய்வு வரும்போது அந்தக் கடிதம் கோப்பில் சேரும். ஆண்டுதோறும் சிலருக்கு மட்டும் வரும் ஜி.பி. நோயாளர் கருத்துக்கணிப்பு உங்கள் வீட்டுக்கு வந்தால் தூக்கிப் போடாமல் நிரப்புங்கள்.

2015-இலிருந்து இங்கிலாந்தின் ஒவ்வொரு சர்ஜரியிலும் நோயாளிகள் குழு ஒன்று இருக்க வேண்டும். பல இடங்களில் அதில் ஆள் போதவில்லை, தமிழர்கள் இன்னும் குறைவு. சேர விரும்பினால் மேனேஜருக்கு மின்னஞ்சல் போடுங்கள், உங்களால் என்ன முடியும் என்பதைத் திட்டமாக எழுதுங்கள்: கருப்பைவாய்ப் பரிசோதனை அழைப்பைத் தமிழில் எழுதித் தரலாம், சனிக்கிழமை ஃப்ளூ முகாமில் வரிசையைப் பார்த்துக்கொள்ளலாம், ஆப் தெரியாத பெரியவர்களுக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லித் தரலாம். எந்த நாள், எத்தனை மணிக்கு வர முடியும் என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.