மூன்று மாதம், நாலு ராமசாமி

சும்மா விளையாட்டாக ஆரம்பித்ததுதான். நூலகத்தில் "ராமசாமி எழுதின புக் இருக்கா?" என்று கேட்டேன். நூலகர் நிமிர்ந்தே பார்க்காமல், "எந்த ராமசாமி?" என்றார். அட, ஆமாம், எத்தனை ராமசாமி! அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்: இனி மூன்று மாதத்துக்கு ராமசாமிகள் எழுதியதை மட்டும்தான் படிப்பது. முன்னால் என்ன ஒட்டியிருந்தாலும், பின்னால் சாதிப் பெயர் தொங்கினாலும் சேர்த்துக்கொள்ளலாம்.

முதல் வாரம் முழுக்கத் தேடுவதிலேயே போனது. பட்டியலில் ராமசாமி 'ர'வில் இருக்கிறார், இராமசாமி 'இ'யில், ராமஸ்வாமி கிரந்த எழுத்தோடு வேறெங்கோ, சுந்தர ராமசாமி 'சு'வில். பெரியாருக்கோ தனி அலமாரியே உண்டு, அதில் ராமசாமி என்ற பெயரே கண்ணில் படவில்லை.

அந்த அலமாரியிலிருந்துதான் தொடங்கினேன். 'பெண் ஏன் அடிமையானாள்?' சின்னப் புத்தகம், பத்தே அத்தியாயம், இரண்டு மாலையில் முடித்துவிடலாம். 'கற்பு' என்று தொடங்கி, அடுத்ததிலேயே வள்ளுவரை வம்புக்கு இழுத்து, சொத்துரிமை, கர்ப்பத்தடை என்று போய், பெண்கள் விடுதலைக்கு 'ஆண்மை' அழிய வேண்டும் என்பதில் வந்து நிற்கிறது. இலக்கிய நயமெல்லாம் தேடக்கூடாது. எதிரில் உட்கார்ந்து மேசையைத் தட்டிப் பேசுகிற மாதிரி நடை. சில இடங்களில் ஒரே வாக்கியம் அரைப் பக்கத்துக்கு ஓடுகிறது, மூச்சு வாங்குகிறது, ஆனால் எங்கேயும் குழப்பமில்லை.

அப்புறம் வேண்டுமென்றே நேர் எதிர்த் திசைக்குப் போனேன், சோ ராமசாமியின் 'முகமது பின் துக்ளக்'. 1968இல் மேடையேறிய நாடகம். துக்ளக் இந்தியாவுக்குப் பிரதமராகி, கட்சி மாறி வருகிற எல்லாருக்கும் துணைப் பிரதமர் பதவி கொடுத்து, பாரசீகத்தை ஆட்சிமொழியாக்குகிற கதை. வசனம் இன்றைக்கும் சிரிக்க வைக்கிறது. ஆனால் படிக்கப் படிக்க, மேடையில் பார்க்க வேண்டியதை நாம் தாளில் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்ற நினைப்பு விடவில்லை. அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஒரே நாளில் முடிந்தது.

மூன்றாவது ஆளை நான் எதிர்பார்க்கவே இல்லை. வ.ரா. என்றால் மணிக்கொடி பத்திரிகை என்பது மட்டும் தெரியும். விரித்தால் வ. ராமசாமி ஐயங்கார், திருப்பழனத்துக்காரர். அவருடைய 'மகாகவி பாரதியார்' கிடைத்தது. அட்டை பிய்ந்து, நடுவில் நாலு பக்கம் காணாமல் போன பிரதி. புதுச்சேரியில் முதல்முதலாகப் பார்க்கப் போன வ.ரா. ஆங்கிலத்தில் பேச ஆரம்பிக்க, பாரதி பக்கத்திலிருந்தவரைக் கூப்பிட்டு இவருக்குப் பதில் சொல்லச் சொல்லிவிட்டாராம். இப்படித் தன் மூக்கு உடைந்த கதையைத் தானே சொல்கிற தைரியம் எனக்கு ரொம்பப் பிடித்தது. பூணூலைக் கழற்றியவர், சாதியை விளாசியவர், அண்ணா இவரை 'அக்கிரகாரத்து அதிசய மனிதர்' என்றார். ராமசாமிகளை ஒரு வரிசையில் உட்கார வைத்தால் இவர் சோ பக்கத்தில் அல்ல, ஈ.வெ.ரா. பக்கத்தில்தான் நாற்காலியை இழுத்துப் போடுவார். பெயரை வைத்து, சாதியை வைத்து நான் மனசுக்குள் போட்டிருந்த வரிசை இங்கேதான் கலைந்தது.

மீதி நாளெல்லாம் சுந்தர ராமசாமிக்கே போய்விட்டது, அது என் தப்பில்லை. 'ஒரு புளியமரத்தின் கதை' (1966) சுலபமாக இழுத்துக்கொண்டு போனது, தாமோதர ஆசான் வாயைத் திறந்தால் நாமும் அந்த மரத்தடியில் உட்கார்ந்துவிடுகிறோம். ஆனால் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' (1981) என்னை இரண்டு தடவை கீழே தள்ளியது. ஜே.ஜே. இறந்தது பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு விபத்தில் இறந்ததற்கு மறுநாள் என்று முதல் வாக்கியத்திலேயே கதாநாயகனைச் சாகடித்துவிட்டு ஆரம்பிக்கிற நாவல். மூன்றாம் முறை, நிதானமாக ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் என்று வைத்துக்கொண்டேன். கல்கியின் நாவலைக் கிண்டலடித்து, சிவகாமி அம்மாள் சபதத்தை நிறைவேற்றிவிட்டாளா என்று ஜே.ஜே. கேட்கிற இடத்தில் பேருந்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன், பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். பின்பாதியில் வருகிற டைரியை மட்டும் மறுபடி படிக்க வேண்டும், பாதி எனக்குப் பிடிபடவில்லை.

இப்போது கையில் இருப்பது 'குழந்தைகள் பெண்கள் ஆண்கள்'. தடித்த புத்தகம், முப்பதுகளின் கோட்டயம், ஜே.ஜே.யின் கதையைச் சொல்கிறவன் பெயர் பாலு, இதிலும் ஒரு பாலு. 140ஆம் பக்கத்தில் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும், முடியாது, புதுப்பித்துத்தான் ஆக வேண்டும். நூலகர் இதற்குள் என்னை "வாங்க ராமசாமி சார்" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். என் பெயர் அதில்லை, நானும் திருத்தவில்லை.