"எங்கே தெரிகிறது?": டச்சு ஆற்றுக்காட்சி ஓவியத்துக்கு விடை எழுதுவது

கலை வரலாற்றுத் தாளில் ஒரு படத்தைக் கொடுத்து, அதன் உணர்வையும் காட்சியமைப்பையும் விளக்கச் சொல்வார்கள். எனக்கு முதலில் வந்தது யாக்கப் வான் ரைஸ்டால் 1670 வாக்கில் வரைந்த 'வெய்க் பெய் டூர்ஸ்டேட ஊர்க் காற்றாலை'. "இயற்கையின் அமைதி ததும்பும் ஓவியம்" என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதினேன். பத்துக்கு மூன்று. "எங்கே தெரிகிறது?" என்று ஓரத்தில் எழுதியிருந்தார் திருத்தியவர். அந்தக் கேள்விதான் எனக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது.

படத்தை மேசையில் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன். தொடுவானம் மிகத் தாழ்வாக இருக்கிறது. படத்தில் பாதிக்கு மேல் மேகம் திரண்ட வானம். உள்ளங்கையால் வானத்தை மறைத்தேன். ஆறும் பாய்மரப் படகும் அப்படியே இருந்தன, அந்தக் கனம் மட்டும் போய்விட்டது. சரி, கனம் வானத்தில்தான் இருக்கிறது. அப்புறம் வலப்பக்கத்து ஆலையை மறைத்தேன். கண் நிற்க இடமில்லாமல் அலைந்தது. தாழ்ந்த கரையிலிருந்து அந்த உருளைக் கோபுரம் எழுந்து, இறக்கைகளை மேகத்துக்குள் நீட்டுகிறது. கீழே பாதையில் மூன்று பெண்கள், அத்தனை சிறியவர்கள். அவர்களை வைத்துத்தான் ஆலையின் உயரமே நமக்கு உறைக்கிறது. ஆக, நான் எழுதிய 'அமைதி' இங்கே இல்லை. மழைக்கு முன் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல ஓர் இறுக்கம் இருக்கிறது.

விடையில் ஓர் ஒப்பீடும் சேருங்கள். ஒரு தலைமுறை முந்திய யான் வான் கோயனும் (1596–1656) தாழ்ந்த தொடுவானம், பெரிய வானம் என்றுதான் வரைந்தார். ஆனால் அவருடைய 1640களின் ஆற்றுக்காட்சிகளில் பழுப்பும் சாம்பலும்தான் பெரும்பாலும். படகும் கரையும் ஈரக்காற்றில் கரைந்துபோகின்றன. ரைஸ்டாலோ ஒளியையும் இருளையும் மோதவிட்டு ஆலையைத் தனித்து நிறுத்துகிறார். அமைப்பு ஏறக்குறைய ஒன்று, உணர்வு வேறு. எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

இருபது நிமிடக் கேள்வி என்றால் முதல் ஐந்து நிமிடம் பேனாவைத் தொடாதீர்கள். தொடுவானம், ஒளி விழும் இடம், மிக உயரமான பொருள், மிகச் சிறிய உருவம், இவற்றைப் பார்த்து முடித்த பிறகே உணர்வுக்கு ஒரு சொல் தேடுங்கள்.

பயிற்சிக்கு மங்கலான ஜெராக்ஸ் வேண்டாம். இந்த ஓவியம் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கிறது. அவர்கள் தளத்தில் பெரிய அளவுப் படம் இலவசமாகவே கிடைக்கும். முன்புறக் கரையோரம் நட்டிருக்கும் மரக்கம்புகள் வரை பெரிதாக்கிப் பாருங்கள்.