எப்ப நடப்பான்னு மட்டும் கேக்காதீங்க

சித்தி பையன் பனமரத்துல இருந்து விழுந்ததுல இடுப்புக்குக் கீழ உணர்வு இல்ல. வர்றவங்க எல்லாரும் எப்ப நடப்பான்னுதான் கேக்குறாங்க, ஆனா காலைல அவனே பலகை போட்டு கட்டில்ல இருந்து வீல்சேருக்கு நகந்து, அவனே டியூப் விட்டு யூரின் எடுத்து, ஷேவ் பண்ணி, செல்போன் ரிப்பேர் கடைல வந்து உக்கார்றானே அத யாரும் கேக்க மாட்டேங்குறாங்க. கால்மணி அரைமணிக்கு ஒருக்கா ரெண்டு கையையும் ஊனி உடம்பத் தூக்கிப் பிடிப்பான், இல்லன்னா ஒரே எடத்துல அழுத்தி புண்ணு வந்துரும், வந்தா ஆற மாசக்கணக்காகும். கஸ்டமர்கிட்ட பேசிக்கிட்டே தூக்குவான், பேச்சு நிக்காது!!

எல்லாத்தையும் நாமளே செஞ்சு குடுக்கறதுதான் பாசம்னு வீட்டுல நெனைக்கிறோம். வயசுப் பையனுக்கு கைல சொந்தக் காசு வேணும், சாயங்காலம் கூட்டாளிகளோட அரட்டை வேணும். மாற்றுத்திறனாளிகளுக்கான ஆய்க்குடி அமர் சேவா சங்கத்த 1981ல ஆரம்பிச்ச ராமகிருஷ்ணன் ஐயாவே 1975ல நேவி செலக்சன்ல அடிபட்டு கழுத்துக்குக் கீழ செயலிழந்தவர்தான், எத்தன பேருக்கு வழி காட்டிருக்கார்.

நம்ம டீக்கடை வாசல்ல வீல்சேர் ஏற சாய்தளம் போட அண்ணாச்சி சரின்னுட்டார். ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் விடணும், செங்குத்தா போட்டா ஏற முடியாது. சிமெண்ட், மணல் யாராவது ஏத்துக்கிட்டா இந்த ஞாயித்துக்கிழமையே வேலைய ஆரம்பிச்சிரலாம், இன்பாக்ஸ் வாங்க.