டிக்கெட் வெட்டின பிறகு

அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் முழுக்க இழுத்துவிட்டது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் நன்றாகப் பார்த்தார்கள், அதற்கு ஐந்து சதம் செலவில்லை. எங்கள் பாடு தொடங்கியது டிக்கெட் வெட்டி வீட்டுக்கு அனுப்பின அன்றைக்குத்தான். மூக்கில் சாப்பாட்டு டியூப், சிறுநீருக்குக் கதீட்டர், தானாகப் புரளக்கூட முடியாத உடம்பு. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் அவசரத்துக்கு ஆளை ஏற்றிப் போகத்தான் வரும், வீட்டில் கொண்டுவந்து இறக்கிவிட வராது. வாடகை வானுக்குச் சொல்லி எங்கள் ஊர் ஆரையம்பதிக்குக் கொண்டுவந்தோம்.

அண்ணன் கட்டாரில். வீட்டில் அம்மாவும் நானும்தான், நான் படிப்பிக்கவும் போக வேண்டும். ஊரில் பாதி வீடுகளில் இதுதான் நிலைமை: பிள்ளைகள் வெளியில், தாய் தகப்பன் கட்டிலில். 2012 கணக்கெடுப்பில் 65 வயது தாண்டியவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவில் இருந்தார்கள், 2024இல் அது பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. வீட்டுக்கு வந்து நோயாளி பார்க்கிறோம் என்று ஃபேஸ்புக்கில் இத்தனை விளம்பரம் ஏன் வருகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

கட்டில் பெரிய பாடில்லை. தலைமாடு உயர்த்தும் கட்டிலும் காற்று மெத்தையும் வாடகைக்குக் கிடைக்கின்றன. ஆனால் அந்த மெத்தை கரண்டில்தான் வேலை செய்யும். கரண்ட் போனால் எவ்வளவு நேரம் காற்று நிற்கும் என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

ஆள் பிடிப்பதுதான் பாடு. விளம்பரங்களில் எல்லாரும் ‘நர்ஸ்’தான். விசாரித்தால் இரண்டு வேறு வேலைகள். கூட இருந்து குளிப்பாட்டி, பாம்பஸ் மாற்றி, புரட்டிவிடுகிறவர் பராமரிப்பாளர். அவருக்கு என்விகியூ எனும் தேசிய தொழில் தகைமையில் மூன்றாம், நான்காம் மட்டச் சான்றிதழ் உண்டு. டியூப் போடுவது, கதீட்டர் மாற்றுவது, புண்ணுக்கு மருந்து கட்டுவது எல்லாம் தாதியின் வேலை. அவர் இலங்கை தாதியர் சபையில் பதிந்திருக்க வேண்டும். பதிவு இலக்கம் கேட்டால் சிலருக்கு முகம் கறுக்கும். கறுத்தாலும் கேளுங்கள். தனியார் மருத்துவ நிறுவனங்களைப் பதிவு செய்வதற்கென்றே 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அந்தப் பதிவு இருக்கிறதா என்றும் கேட்கலாம்.

கொழும்பு ஏஜென்சி ஒன்று முற்பணம் வாங்கிக்கொண்டு ஒரு பெண்ணை அனுப்பியது. நல்ல பிள்ளை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவளுக்குச் சிங்களம் மட்டும்தான் தெரியும், அப்பாவுக்கு வாய் குழறிய தமிழ். தண்ணீர் கேட்கிறாரா, தலையணையைச் சொல்கிறாரா என்று தெரியாமல் இரண்டு பேரும் தவித்தார்கள். அதோடு பொம்பிளைப் பிள்ளை குளிப்பாட்டுவதற்கு அப்பா கடைசிவரை உடன்படவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இடக்கையால் சாரத்தைப் பிடித்தபடி கிடப்பார். ஆண் ஆள் கேட்டோம், இல்லை என்றார்கள். முற்பணத்தைக் கேட்டோம், அதற்கும் அதே பதில்.

ஆண்கள் ஏன் கிடைப்பதில்லை என்று பிறகு விளங்கியது. பராமரிப்பாளர் கோர்ஸ் முடிக்கிறவர்களின் கண் இஸ்ரேலிலும் ஜப்பானிலும். அங்கே கிடைக்கும் சம்பளத்துக்கு இங்கே யார் நிற்பார்? இங்கே படித்தவர்கள் வேறு நாட்டு அப்பாமாரைப் பார்க்கிறார்கள், நாங்கள் விளம்பரம் பார்க்கிறோம். அவர்களில் பிழை சொல்ல எனக்கு வாய் வராது.

கடைசியில் எங்களுக்குக் கைகொடுத்தது ஏஜென்சி அல்ல, வார்ட்டில் பழக்கமான ஆட்கள். ஓய்வுபெற்ற அட்டெண்டன் ஒருவர் காலையும் மாலையும் வர ஒத்துக்கொண்டார். ஓய்வுபெற்ற மிஸி, அதாவது தாதி, ஒருவர் கதீட்டருக்கும் டியூபுக்கும் வருவதாகச் சொன்னார்.

அந்த மிஸி முதல் நாளே அப்பாவைச் சரித்துப் படுக்க வைத்து, முதுகுத்தண்டின் அடியில் சிவந்திருந்த இடத்தைப் பெருவிரலால் அழுத்தி எடுத்தார். “பாருங்க மனே, அழுத்தி எடுத்தா வெளிறி மறுகா சிவக்கணும். வெளிறாட்டி புண் தொடங்கிட்டுது.” அது வெளிறவில்லை. அன்றிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தோம். இடம், வலம், மல்லாக்க என்று பழைய கலண்டரின் பின்பக்கத்தில் எழுதி, புரட்டியவர் நேரத்தைக் குறிக்க வேண்டும். காற்று மெத்தை இருக்கிறதே என்று இதை விட முடியாது. குதிக்காலுக்குக் கீழே எதுவும் முட்டாமல் கெண்டைக்காலுக்குத் தலையணை வைக்கவும் அவர்தான் காட்டித் தந்தார்.

டியூபில் கொடுக்கும் முறையையும் அம்மாவுக்குப் பழக்கினார். மூக்கடியில் டியூபில் போட்ட அடையாளம் நகர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். தலைமாட்டை உயர்த்திவிட்டுத்தான் கொடுக்க வேண்டும், கொடுத்து முடித்தும் உடனே பதிக்கக் கூடாது. முடிவில் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். டியூப் கழன்றால் நாமாகத் தள்ளவே கூடாது, சுவாசக் குழாய்க்குள் போய்விடும். எல்லாக் குளிசையையும் இடித்துக் கரைக்கவும் கூடாதாம்; மெதுவாகக் கரையும்படி செய்தவை இருக்கின்றன, ஃபார்மசியில் கேட்டுப் பிரித்து வைத்தோம். அம்மா இப்போது என்னைவிடக் கெட்டி.

பிசியோவுக்கும் ஆள் வீட்டுக்கு வருகிறார். கையை நீட்டி மடக்குவது, கட்டில் விளிம்பில் இருத்துவது. அவர் வராத நாளில் நாங்களே செய்ய வேண்டும், இல்லாவிட்டால் மூட்டு இறுகிவிடும்.

ஆள் வைக்கும்போது சம்பளத்தை மட்டும் பேசாதீர்கள். சாப்பாடு, பஸ் காசு, லீவு, லீவில் போனால் பதிலுக்கு யார் என்பதை எல்லாம் முதலே பேசி ஒரு கடதாசியில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எங்கள் அட்டெண்டன் ஐயா வைகாசியில் கண்ணகியம்மன் சடங்குக்குக் கோயில் கதவு திறந்தால் கடைசிச் சடங்கான குளிர்த்தி முடியும்வரை கோயிலோடுதான். அந்த நாட்களுக்குப் பெரியம்மாவின் மகனைக் கேட்டு, சித்திரையிலேயே வந்து நின்று பழகச் சொல்லியிருக்கிறோம்.