பதினாறு பாட்டில் தண்ணீர்

போன வருஷம் ஆடிப்பெருக்கு கழிந்த வாரத்தில் எங்கள் வீட்டில் நாலு பேருக்கும் வரிசையாக வயிற்றால் போனது. முதலில் பையன். இரண்டு நாள் விட்டு நான். அதற்கும் இரண்டு நாள் கழித்து வீட்டுக்காரர். கடைசியில் அத்தை. குடமுருட்டி ஆற்றுப் புதுத்தண்ணியில் குளித்ததுதான் காரணம் என்று தெருவே தீர்ப்பு சொல்லிவிட்டது. நானும் நம்பினேன். ஆனால் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அத்தை அன்றைக்கு ஆற்றுப் பக்கமே வரவில்லை. முழங்கால் வலி என்று வீட்டிலேயே இருந்து சித்ரான்னம் கிளறிக்கொண்டிருந்தார்.

இந்த வருஷம் ஊரில் ஐந்து பெண்களைத் தேர்ந்தெடுத்து, ஜல் ஜீவன் திட்டத்தில் தண்ணீர்ப் பரிசோதனைக்குப் பயிற்சி கொடுத்தார்கள். எப்போதோ படித்த பி.எஸ்ஸி. விலங்கியல் கைகொடுக்க, ஐந்தில் ஒருத்தியாக நானும் சேர்ந்துகொண்டேன். அங்கே பார்த்த பாட்டில்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. விரல் நீளத்துக்கு ஒரு சின்ன பாட்டில், உள்ளே மருந்தில் ஊறிக் காய்ந்த காகிதத் துண்டு. கோடு வரைக்கும் தண்ணீரை ஊற்றி மூடி வைத்துவிட்டால் போதும், ஒன்றிரண்டு நாளில் கறுத்தால் கெட்ட தண்ணீர். சொந்தச் செலவில் பதினாறு வரவழைத்தேன்.

ஜூன் 19

மேட்டூர் 12-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். குடமுருட்டியில் தண்ணீர் வந்துவிட்டது. டீ நிறம், மேலே நுரை, சருகு, ஒரு ஒற்றைச் செருப்பு.

ஆறு பாட்டில் போட்டேன். ஒன்று, 10 நிமிஷம் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர். இது கறுத்தால் என் கை சரியில்லை என்று அர்த்தம். மற்ற ஐந்தும் ஆறு, கோயில் குளம், தெருக்குழாய், கொல்லை போர்வெல், சமையற்கட்டுக் குடம். தெருக்குழாயில் வருவது கொள்ளிடத்துப் படுகையிலிருந்து வரும் கூட்டுக்குடிநீர். தெருக் கோடியில் உள்ள மேல்நிலைத் தொட்டியில் ஏற்றி விடுகிறார்கள்.

இந்தச் சோதனைக்கு இன்குபேட்டர் எல்லாம் வேண்டாம். நம்மூர் ஜூன் மாதத்துத் திண்ணையே போதும், கிருமிக்குச் சொகுசான சூடு.

போர் தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டுக் காப்பி போடப் போனேன். திரும்பி வருவதற்குள் மை மாதிரி கறுத்திருந்தது. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. எனக்குக் கை நடுங்கிவிட்டது. அந்தத் தண்ணீரில்தான் பாத்திரம் கழுவுகிறோம், பல் தேய்க்கிறோம். "போர்ல யாரும் கை வைக்காதீங்க" என்று ஒரு கூச்சல் போட்டேன். அத்தை, "இருபது வருஷமா புழங்குற தண்ணிம்மா, இன்னைக்கு என்ன புதுசா?" என்றார்.

ஜூன் 21

கூச்சல் போட்டதற்கு வெட்கம். உட்கார்ந்து யோசித்ததும் விளங்கிவிட்டது. காகிதத்தில் பெப்டோன் என்ற கிருமித் தீனி, சோடியம் தயோசல்பேட், இரும்பு உப்பு ஒன்று, இன்னும் சிலது இருக்கின்றன. குடலிலிருந்து வரும் சில பாக்டீரியாக்கள் அந்தத் தயோசல்பேட்டைத் தின்று ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை விடும். அழுகிய முட்டை வாடை அடிக்குமே, அதுதான். அந்த வாயு இரும்போடு சேர்ந்தால் கறுப்பு. கிருமி பெருகிக் கறுப்பாக்குவதற்குப் பல மணி நேரம் ஆகும். பத்து நிமிஷத்தில் கறுத்தால் வாயு முன்பே தண்ணீரில் கரைந்திருக்கிறது. எங்கள் போரில் காலையில் முதல் வாளிக்கு எப்போதும் அந்த வாடை உண்டு. ஆழத்தில் காற்றில்லாத மண்ணில் வேறு வகைப் பாக்டீரியாக்கள் சல்பேட்டிலிருந்து உண்டாக்கும் வாயு அது. அதற்கும் பேதிக்கும் சம்பந்தமில்லை. மூக்குக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

மற்றவை: ஆறு மறுநாள் விடிவதற்குள் கறுப்பு. குளமும் அப்படியே. கொதித்த தண்ணீர் 48 மணி நேரமும் கறுக்காமல் தேறியது. தெருக்குழாயும் தேறியது. சமையற்கட்டுக் குடம், ஒன்றரை நாளில் கறுப்பு.

குழாய்த் தண்ணீரைத்தானே குடத்தில் பிடிக்கிறோம்?

ஜூன் 24

குழாய், குடம் இரண்டையும் மறுபடியும் போட்டேன். அதே விடை. போர் தண்ணீரை வெந்நீரில் அலசிய அகலப் பாத்திரத்தில் ஊற்றி, வாடை போகும் வரை ஆற்றிவிட்டுப் போட்டேன். இரண்டாம் நாள் சாம்பல் நிறத்தில் லேசான நிழல், அவ்வளவுதான். தீர்ப்பு சொல்ல முடியாத ரகம். அதைக் குடிப்பதில்லை என்பதால் அதோடு விட்டேன்.

இந்தப் பாட்டிலைக் கண்டுபிடித்தது நம் நாட்டில்தான் என்று பயிற்சியில் சொல்லவில்லை, பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். 1982-ல் குவாலியரில் பாதுகாப்புத்துறை ஆய்வகத்தில் இருந்த மஞ்சா, மௌர்யா, ராவ் மூவரும் செய்தது. லேப் இல்லாத இடத்திலும் தண்ணீரைச் சோதிக்க வழி. எனக்குப் பிடித்தது இதில் உள்ள குறுக்குவழி. டைபாய்டு கிருமியைத் தேடுவதில்லை, காலரா கிருமியைத் தேடுவதில்லை, குடலில் வாழும் ஈ.கோலையைக்கூடத் தேடுவதில்லை, அது இந்த வாயுவை விடாது. மலத்தோடு வழக்கமாக வரும் கூட்டாளிகளைத்தான் பிடிக்கிறது. கூட்டாளி வந்திருந்தால் வழி திறந்திருக்கிறது, அதே வழியில் மற்றவர்களும் வரலாம். ஆனால் கறுக்கவில்லை என்பதால் மஞ்சள் காமாலை வைரஸ் இல்லை என்று சொல்லிவிட முடியாது. வைரஸ் இந்தப் பாட்டிலில் வளராது.

ஜூன் 29

பையனுக்கு அவன் மாமா மடக்குக் காகித மைக்ரோஸ்கோப் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார். ஃபோல்டுஸ்கோப் என்று பெயர், ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு வடிவமைத்தது, 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். வைக்கோலை நாலு நாள் ஊறப்போட்ட தண்ணீரை அதில் பார்த்தோம். செருப்பு வடிவத்தில் பரமீசியம் என்ற ஒற்றைச் செல் உயிர் ஒன்று முட்டி, திரும்பி, மறுபடி முட்டி நீந்திக்கொண்டிருந்தது. "இதுதான் பேதிக் கிருமியாம்மா?" என்றான். பாவம் அது, ஒன்றும் செய்யாது. பேதிக் கிருமி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான், இந்தக் கண்ணாடியில் வெறும் தூசு. நெளிந்து பயமுறுத்துவது சாது, கண்ணில் படாததுதான் பொல்லாதது. அவனுக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் ஒரு மணி நேரம் பரமீசியத்தை விட்டு எழவில்லை.

ஜூலை 6

குடத்தைப் பின்தொடர்ந்த நாள். இந்த முழு வேலையிலும் இதுதான் உருப்படி.

காலை ஆறரைக்குக் குழாயடியில் பிடித்த கையோடு குடத்திலிருந்து ஒரு பாட்டில். அப்புறம் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு சமையற்கட்டு வாசலில் உட்கார்ந்தேன். குடத்தை யார் தொட்டாலும் எழுதுவது என்று தீர்மானம். யாரிடமும் சொல்லவில்லை.

ராத்திரி எட்டு வரை இருபத்திரண்டு தடவை. சொம்பைக் குடத்துக்குள் விட்டு மொள்ளும்போது, நாலு விரலும் கணு வரைக்கும் தண்ணீரில் முங்கும். தண்ணீர் இறங்க இறங்க மணிக்கட்டு வரை போகும். பையன் விளையாடிவிட்டு வந்து நேரே மொண்டான். வீட்டுக்காரர் வயலில் மாட்டுக்குப் புல் போட்டுவிட்டு வந்து மொண்டார், கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார், அதைக் கழுவியதாகக் கணக்கு. அத்தை சொம்பைத் தரையில் வைத்து, அதையே திரும்பக் குடத்துக்குள் போட்டார். நான்? மீன் கழுவிய கையோடு ஒரு தடவை. நானே எழுதி வைத்திருக்கிறேன்.

ராத்திரி எட்டுக்கு அதே குடத்திலிருந்து இன்னொரு பாட்டில்.

காலைப் பாட்டில் 48 மணி நேரம் தேறியது. ராத்திரிப் பாட்டில் மறுநாள் மாலைக்குள் கறுத்தது.

நல்ல தீனியும் சூடும் கிடைத்தால் ஈ.கோலை 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை இரண்டாகும். ஒன்று எட்டு மணி நேரத்தில் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம். குடத்துத் தண்ணீரில் அவ்வளவு தீனி இல்லை, அந்த வேகத்தில் பெருகாது. ஆனால் சீதபேதி தரும் ஷிகெல்லாவுக்குப் பெருகவேண்டிய அவசியமே இல்லை. 10 முதல் 100 கிருமி வயிற்றுக்குள் போனாலே போதும். காலரா அப்படியல்ல, திடமான ஆளைச் சாய்க்க லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் வேண்டும், வயிற்று அமிலம் பெரும்பாலானதைக் கொன்றுவிடும். அதனால்தான் காலராவுக்குக் குளம் ஆறு மாதிரி பெரிய வழி தேவைப்பட்டது. 1884-ல் கல்கத்தாவில் ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக், காலரா கிருமி ஒரு குளத்துத் தண்ணீரிலும் இருப்பதைக் கண்டார். காலரா கண்டவரின் துணியைத் துவைத்ததும் அங்கே, குடிக்க மொண்டதும் அங்கே. ஷிகெல்லாவுக்கு ஒரு சொம்பு போதும்.

போன வருஷத்து வரிசை அப்போதுதான் புரிந்தது. கல்யாண வீட்டுச் சாப்பாட்டில் கெட்டது இருந்தால் ஊரே ஒரே ராத்திரியில் படுக்கும். எங்கள் வீட்டில் இரண்டு நாளுக்கு ஒருவராக விழுந்தோம். ஆளிடமிருந்து ஆளுக்குப் போகும்போது அப்படித்தான் இடைவெளி வரும். பையன் ஆற்றில் வாங்கி வந்திருக்கலாம், அதை மறுக்கவில்லை. மற்ற மூன்று பேருக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது எங்கள் குடம் என்றுதான் நினைக்கிறேன். என்ன கிருமி என்று அப்போது யாரும் சோதிக்கவில்லை, அதனால் நினைக்கிறேன் என்பதோடு நிறுத்துகிறேன்.

ஜூலை 10

நீளக் காம்பு வைத்த கரண்டி ஒன்றைக் குடத்து மேல் மாட்டினேன். விரல் தண்ணீரில் படாது. கொல்லைக் கதவருகே சோப்பு. மூன்று நாள் எல்லோரையும் விரட்டிவிட்டு ஒரு பாட்டில் போட்டேன். தேறியது.

அத்தைக்கு மட்டும் கோபம். "அப்ப என் கைதான் அசிங்கமா?" நோட்டைக் காட்டினேன், மீன் கழுவிய கை என்ற வரியில் விரலை வைத்து. சிரித்துவிட்டார். அப்புறம் பரணில் இருந்த பித்தளைத் தவலையைக் காட்டி, "எங்க காலத்துல இதுலதான் ஊத்தி வைப்போம், ஒண்ணும் ஆகல" என்றார். சவால்தான்.

ஜூலை 15

தவலையைப் புளி போட்டுத் தேய்த்து எடுத்தேன். சமையல் பாத்திரங்களுக்கு உள்ளே வெள்ளீயம் பூசுவார்கள், இதற்குப் பூசவில்லை. அது முக்கியம், பூச்சு இருந்தால் தண்ணீர் பித்தளையில் உள்ள செம்பைத் தொடாது. பத்து லிட்டர் குழாய்த் தண்ணீரில் ஒரு டம்ளர் ஆற்றுத் தண்ணீர் கலந்து, பாதியைத் தவலையிலும் பாதியைப் பிளாஸ்டிக் குடத்திலும் இரண்டு ராத்திரி மூடி வைத்தேன். பிறகு ஆளுக்கொரு பாட்டில். பிளாஸ்டிக் கறுத்தது, தவலை கறுக்கவில்லை.

பித்தளையிலிருந்து மிகக் கொஞ்சமாகக் கரையும் செம்பு பாக்டீரியாவின் தோலைக் கெடுத்துவிடும். ஆனால் அதற்கு ஒரு நாள், இரண்டு நாள் ஆகும். காலையில் ஊற்றி மத்தியானம் குடித்தால் பித்தளையும் பிளாஸ்டிக்கும் ஒன்றுதான். இது ஒரே ஒரு தடவை செய்து பார்த்தது. அத்தைக்கு அந்த ஒரு தடவை தாராளமாகப் போதும். தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

ஜூலை 27

மிச்சம் இரண்டு. வெயிலில் வைத்துக் கிருமி கொல்லும் முறையைப் பார்க்க ஆசை. தெளிவான பெட் பாட்டிலில் தண்ணீரை நிரப்பி, நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் கிடத்துவது, மேகமாக இருந்தால் இரண்டு நாள். வெயிலின் புற ஊதாக் கதிர்தான் வேலை செய்கிறது. ஒரு லிட்டர் ஆற்றுத் தண்ணீரை மாடியில் தகரத்தின் மேல் கிடத்தினேன். மாலையில் சோதனைப் பாட்டிலில் ஊற்றினேன். விடிந்ததும் கறுப்பு.

கலங்கல்தான் காரணம். மண் துகள் ஒவ்வொன்றும் கிருமிக்குக் குடை. "தேத்தாங்கொட்டை உரசாம யாரு ஆத்துத் தண்ணி குடிச்சா?" என்றார் அத்தை. பாபநாசம் நாட்டு மருந்துக் கடையில் கேட்டேன், இருந்தது. பானையின் உள்பக்கத்தில் கொட்டையை நாலு சுற்று உரசி, ஆற்றுத் தண்ணீரை ஊற்றி ஒரு ராத்திரி விட்டேன். கொட்டையில் உள்ள சில பொருள்கள் மண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் கீழே இறக்கிவிடுகின்றன. காலையில் அடியில் ஒரு விரற்கடை சேறு, மேலே பளிங்கு. மேல் தண்ணீரை மட்டும் இறுத்து வெயிலில் கிடத்தி, கடைசிப் பாட்டிலை ஊற்றினேன்.

ஆகஸ்ட் 2

கடைசிப் பாட்டில் தேறிவிட்டது. குடிக்கவில்லை, அந்த அளவுக்குத் தைரியம் இல்லை.

கறுத்த பாட்டில்களைக் கையுறை போட்டுக்கொண்டு கொல்லையில் வைத்துத் திறந்து, பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றி, ஒரு பகல் விட்டுக் கொட்டினேன். வாடை சொல்ல முடியாது. அதில் வளர்ந்திருப்பது நாம் வளர்த்துவிட்ட பட்டாளம், அப்படியே சாக்கடையில் ஊற்றக் கூடாது.

நாளைக்கு ஆடிப்பெருக்கு. படித்துறைக்குப் போகத்தான் போகிறோம். பையனுக்கு வாயை மூடிக்கொண்டு முங்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அம்மன் கோயில் தண்ணீர்ப்பந்தலில் டிரம்முக்குள் எல்லோரும் ஒரே டம்ளரை விட்டு மொள்கிறார்களாம், அதையும் சோதிக்க வேண்டும் என்கிறான். பாட்டில் தீர்ந்துவிட்டது. கரண்டி ஒன்று கூடுதலாக இருக்கிறது, அதைக் கொடுத்தனுப்புகிறேன்.