கொரோனாவுக்குப் பின் நிற்காத களைப்பும் இளைப்பும்: வேலைக்குத் திரும்பும் விதம்

காய்ச்சல் விட்டு டெஸ்ட்டும் நெகட்டிவ் ஆன பிறகு நெல்லைப் பக்கம் நாங்கள் அதிகம் கேட்பது இதைத்தான்: "மேலெல்லாம் ஒரே உளைச்சலா இருக்கு, எளப்பு நிக்கவே மாட்டேங்கு." எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும், ஆக்சிஜன் 98 காட்டும். வீட்டில் உள்ளவர்கள் சோம்பல் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அது சோம்பல் இல்லை. தொற்று தொடங்கி 3 மாதம் ஆன நிலையில், குறைந்தது 2 மாதமாவது நீடிக்கிற, வேறு காரணம் சொல்ல முடியாத தொந்தரவுகளை உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் தனி நிலையாகவே வரையறுத்தது. ஆஸ்பத்திரிக்கே போகாமல் லேசாக வந்து போனவர்களுக்கும் இது வருகிறது.

"வேறு காரணம் சொல்ல முடியாத" என்கிற இடத்தில் பலர் வழுக்குகிறார்கள். எல்லாவற்றையும் கொரோனா தலையில் போட்டுவிட்டு ரத்தசோகையையும் தைராய்டையும் கவனிக்காமல் விடுவதுண்டு. முதலில் ஹீமோகுளோபின், தைராய்டு, மூன்று மாதச் சராசரி சர்க்கரை, பி12, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், ஈசிஜி, மார்பு எக்ஸ்ரே ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். இருமல் 2 வாரத்தைத் தாண்டி, சாயங்காலக் காய்ச்சலும் எடைக்குறைவும் சேர்ந்தால் சளிப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. காசநோய்க்கான இந்தச் சோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையம் வழியாகவே இலவசமாக நடக்கும். ஸ்டீராய்டு எடுத்தவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

இதெல்லாம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் களைப்பைக் கையாளும் வேலை தொடங்குகிறது. இங்கேதான் நல்ல எண்ணத்தோடு சொல்லப்படும் "நடந்தாத்தான் சரியாகும்" என்ற யோசனை ஆளைக் கவிழ்க்கிறது. இந்தக் களைப்பு வேலை செய்த நேரத்தில் தெரியாது. பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்து, சில சமயம் இன்னும் தாமதமாகக் கூட, மொத்தமாக வந்து படுக்கப் போடும். ஞாயிற்றுக்கிழமை தெம்பாக இருக்கிறதென்று துணி துவைத்து, கடைக்கும் போய் வந்தவர் செவ்வாய்க்கிழமை எழுந்திருக்க முடியாமல் கிடப்பார். ஞாயிற்றுக்கிழமை செய்த வேலையை அதோடு சேர்த்துப் பார்க்கவே மாட்டார். அதனால் ஒரு வேலை ஒத்துக்கொண்டதா என்பதை அதற்கடுத்த இரண்டு நாளை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். செய்த வேலை, அதற்கு ஆன சிரமம் 0 முதல் 10க்குள் எத்தனை, மறுநாளும் அதற்கடுத்த நாளும் எப்படி. இரண்டு வாரம் எழுதினாலே எந்த வேலை சாய்க்கிறது என்று தெரிந்துவிடும்.

முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கத்துப் பெண்களுக்கு பீடி சுற்றும் வேலையை வைத்தே இதைச் சொல்ல வேண்டும். உட்கார்ந்த வேலைதானே என்று தோன்றும். ஆனால் குனிந்தே இருப்பதால் மூச்சு அடிவயிறு வரை இறங்குவதில்லை, கைகள் ஓயாமல் ஓடுகின்றன, புகையிலைத் தூள் மூக்கில் ஏறிக்கொண்டே இருக்கிறது. ஒரு நாளைக்கு ஆயிரம் சுற்றிக்கொண்டிருந்தவர் 200-ல் தொடங்குவதே சரி. இலை நனைத்து வெட்டுவதை ஒரு நாளும் சுற்றுவதை மறுநாளுமாகப் பிரிக்கலாம். வெட்டும் நாளில் வேறு கனவேலை கூடாது. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை தட்டை இறக்கி வைத்து, சுவரில் முதுகு சாய்த்து, காலை நீட்டி ஐந்து நிமிடம் இருக்க வேண்டும். அலுப்பு தெரிந்த பிறகு ஓய்வெடுத்தால் பிந்திவிட்டது என்று அர்த்தம். மணி பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். மூக்கை மூடி முகக்கவசமோ துணியோ கட்டிக்கொள்வதும், தார்சாவில் (வீட்டு முன்கூடத்தில்) காற்றோட்டமான பக்கம் உட்காருவதும் இருமலைக் குறைக்கும். சிரமம் 3-ஐத் தாண்டாமல் ஒரு வாரம் முழுக்க ஓடி, பின்விளைவும் இல்லையென்றால் 50 பீடி கூட்டலாம். சாய்த்துவிட்டால் முந்தின வாரக் கணக்குக்கே திரும்ப வேண்டும். கடைக்குக் கணக்கு குறையுமே என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் ஒரே நாளில் 600 சுற்றிவிட்டு வாரம் முழுக்கப் படுத்துக் கிடந்தால் அதைவிடக் கூடுதலாகவே குறையும்.

இளைப்பு உள்ளவர்களுக்கு ஒரு சின்னச் சோதனை. கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கையை ஊன்றாமல் ஒரு நிமிடம் எழுந்து உட்கார வேண்டும். முன்னும் பின்னும் ஆக்சிமீட்டரில் பார்க்கவும். 3 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் உடற்பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். நெஞ்சு வலி இருந்தாலோ, சும்மா இருக்கும்போதே 95-க்குக் கீழே காட்டினாலோ இந்தச் சோதனையே வேண்டாம். 92-ம் அதற்குக் கீழும் என்றால் 108-க்குக் கூப்பிட வேண்டியதுதான். மருதாணியோ நகப்பூச்சோ உள்ள விரல், குளிர்ந்த விரல் ஆகியவை தப்புக் கணக்குக் காட்டும். கருத்த தோலில் இந்தக் கருவி உள்ளதைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டக்கூடும் என்பதையும் மனதில் வைக்கவும்.

மூச்சு வாங்கும்போது நாற்காலியில் முன்னால் சாய்ந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றி, மூக்கால் இரண்டு எண்ணும் வரை இழுத்து, உதட்டைக் குவித்து நான்கு எண்ணும் வரை விட வேண்டும். படியேறும்போதும் குடம் தூக்கும்போதும் மூச்சைப் பிடிக்கக் கூடாது. தூக்குகிற நொடியில்தான் வெளியே விட வேண்டும்.

ரேஷன் கடை வரிசையில் நின்றால் கிறுகிறுவென வந்து நெஞ்சு படபடக்கிறது என்பார்கள் சிலர். பத்து நிமிடம் படுத்திருந்து நாடியை எண்ணிவிட்டு, பிறகு சுவரில் சாய்ந்து பத்து நிமிடம் நின்று எண்ணிப் பார்க்கலாம். விழுந்தால் பிடிக்கப் பக்கத்தில் ஆள் வேண்டும். ரத்த அழுத்தம் இறங்காமல் நாடி மட்டும் 30-க்கு மேல் கூடி அப்படியே நின்றால், அந்தக் கணக்கோடு டாக்டரிடம் போகவும். உப்புப் போட்ட நீச்சத்தண்ணியும் (பழைய சோற்றுத் தண்ணீர்) நிறையத் தண்ணீரும் பலருக்குக் கைகொடுக்கும். பிரஷரோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் கேட்காமல் உப்பைக் கூட்டக் கூடாது.

மணம் தெரியாமல் போனவர்களுக்கு மருந்தைவிட முகர்ந்து பழகுவதுதான் உதவுகிறது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்று நான்கு மணங்களை வைத்து ஜெர்மனியில் ஹம்மல் குழுவினர் 2009-ல் வெளியிட்ட முறை இது. நான்கும் நம் ஊரில் கிடைப்பவையே. சின்னச் சின்ன மூடி போட்ட பாட்டிலில் போட்டு, ஒவ்வொன்றையும் 20 நொடி மெதுவாக முகர வேண்டும். அப்போது அந்த மணத்தை மனதில் நினைத்துக்கொள்ள வேண்டும். காலையும் மாலையும், குறைந்தது 12 வாரம். நடுவில் காபியும் வதக்கிய வெங்காயமும் அழுகல் நாற்றமாக அடிக்கத் தொடங்கலாம். நரம்பு மீண்டு வரும்போது இப்படி ஆவதுண்டு என்பதால் பயந்து நிறுத்திவிட வேண்டாம். அதுவரை கேஸ் கசிவு தெரியாது. ராத்திரி ரெகுலேட்டரை மூடுவதும், பழைய குழம்பை வேறொருவர் முகர்ந்து பார்த்த பிறகு ஊற்றுவதும் வீட்டு வழக்கமாக வேண்டும்.

இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாக முடி கொட்டுவது காய்ச்சலின் பின்விளைவு. பெரும்பாலும் தானாகவே திரும்ப வளர்ந்துவிடும், எண்ணெய்க்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

டிஸ்சார்ஜ் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் டெக்சாமெத்தசோனோ மெத்தில்பிரெட்னிசலோனோ என்கிற ஸ்டீராய்டு மருந்து இருந்தால், மாதங்கள் கழித்து இடுப்பு மடிப்பிலோ தொடையிலோ வலி எடுத்து நொண்ட வைக்கும்போது அந்தத் தாள்தான் துப்பு. ஸ்டீராய்டு இடுப்பு மூட்டின் எலும்புக்குப் போகும் ரத்தத்தைக் கெடுக்கக்கூடும். ஆரம்பத்தில் எக்ஸ்ரே ஒன்றும் காட்டாது, எம்ஆர்ஐ காட்டும். நெல்லை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கோ வேறெங்கோ எலும்பு டாக்டரிடம் போனாலும் அந்தத் தாளையும் நோட்டையும் கையில் கொண்டுபோய், எத்தனை நாள் என்ன அளவில் ஸ்டீராய்டு போட்டார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.