துவக்குகிற துவக்கு

போன ஆவணியில் ஒரு நாள் யாழ்ப்பாணம் கே.கே.எஸ். வீதியால் மினிபஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. எடுத்தவுடன் நான் கேட்ட முதல் கேள்வி, "பிஸ்டல் கிடைச்சுதோ?" பக்கத்து சீற்றில் இருந்த அம்மா முருங்கைக்காய்ப் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அடுத்த தரிப்பில் முன்னுக்கு இடம் கிடைத்ததும் எழும்பிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து போனில் "சாமான்" என்று சொல்லிப் பார்த்தேன். "சாமான் எண்டால் முந்தியும் அதுக்குத்தானே பேர்" என்றாள் மனைவி. அதையும் விட்டுவிட்டேன்.

நான் தேடியது ஆளைச் சுடுகிற பிஸ்டல் இல்லை. ஓட்டப்போட்டியில் ஓட்டத்தைத் தொடங்கிவைக்கச் சுடுவார்களே, அது. எங்கள் ஊர்த் தமிழில் துப்பாக்கிக்குத் துவக்கு என்று பெயர். சிங்களத்திலும் துவக்குவ தான். துவக்கு என்றால் தொடங்கிவை என்றும் பொருள் இருக்கிறது. ஆக நான் தேடியது துவக்குகிற துவக்கு. இந்தப் பகிடியை இதுவரை நாற்பது பேருக்காவது சொல்லியிருப்பேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

நான் வலிகாமத்தில் ஒரு பாடசாலையில் விளையாட்டு மாஸ்டர். அதே பாடசாலையில்தான் படித்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் இல்ல மெய்வல்லுநர் போட்டி என்றால் தை மாதம் முழுக்கத் திருவிழா. இல்லங்களுக்குக் கிடுகில் வாசல் கட்டுவது, சுண்ணாம்புத் தூளால் கோடு போடுவது, தோடம்பழத்தை நாலாக வெட்டிக் குளுக்கோஸ் தூவி வைப்பது எல்லாம் இருக்கும். இவை ஒன்றும் என் மனதில் பெரிதாக நிற்கவில்லை. நிற்பது அப்போதைய மாஸ்டரின் வலக்கை. அதில் சிவப்புத் துணியில் தைத்த உறை ஒன்றைத் தோள்வரை மாட்டியிருப்பார். கையை நேரே மேலே தூக்குவார். உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னக் கறுப்புப் பிஸ்டல். "மேட் இன் வெஸ்ட் ஜெர்மனி" என்று பொறித்திருக்கும். ஆறு வெடிகளை வரிசையாகக் குத்திவைக்கிற இரும்புத் தகடு ஒன்று அதற்குள் போகும். டப் என்று ஒரு சத்தம், சிவப்புத் துணிக்கு முன்னால் கொஞ்சம் வெள்ளைப் புகை.

புகை வடிவுக்காக இல்லை. நூறு மீற்றர் தள்ளி முடிவுக்கோட்டில் நிற்கிற நேரக்கணிப்பாளர் புகையைப் பார்த்துத்தான் கடிகாரத்தை அமுக்க வேண்டும். எங்கள் வெயிலில் சத்தம் செக்கனுக்கு ஏறக்குறைய 350 மீற்றர் போகும். நூறு மீற்றருக்குக் கால் செக்கனுக்கும் மேலே. காதை நம்பி அமுக்கினால் ஓடுகிற பிள்ளைக்கு அவ்வளவு நேரத்தைச் சும்மா கொடுத்துவிடுகிறோம். பாடசாலைச் சாதனைகள் சில அப்படிப் பிறந்தவைதான் என்று நான் நினைக்கிறேன். எந்தச் சாதனை என்று எழுதினால் பழைய மாணவர் சங்கத்தில் என்னை விடமாட்டார்கள்.

1987க்குப் பிறகு அந்தப் பிஸ்டலை நான் காணவில்லை. பொம்மைத் துவக்கைக்கூட வீட்டில் வைத்திருக்கப் பயந்த காலம் அது. பொருட்பதிவேட்டில் மட்டும் "ஸ்டார்ட்டிங் பிஸ்டல் – 1" என்று நீல மையில் இருக்கிறது. எதிரே சிவப்பு மையில் ஒரு கோடு. கையெழுத்தும் இல்லை, திகதியும் இல்லை. அதற்குப் பிறகு விசில். பிறகு பிணைச்சல் போட்டுச் சேர்த்து, டப் என்று மூடி அடிக்கிற இரண்டு பலகை. இன்றைக்கும் எங்கள் பாடசாலையில் பலகைதான்.

பலகையில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை, இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பிள்ளையைத் தேசியப் போட்டிக்குக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போகும்வரை. 16 வயதுப் பிரிவு, 100 மீற்றர். மாகாணத்தில் வெள்ளி எடுத்தவள். சுகததாச அரங்கில் "செட்" என்றதும் இடுப்பைத் தூக்கினாள். சத்தம் வந்ததும் மற்றப் பிள்ளைகள் போய்விட்டார்கள். இவள் தோளைக் குறுக்கி, கண்ணை மூடி, பிறகுதான் எழும்பினாள். கடைசி. திரும்பி வரும்போது ரயிலில் வவுனியா தாண்டும்வரை ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, "அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமில்லை சேர்" என்றாள்.

2009க்குப் பிறகு பிறந்த பிள்ளை. யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளைக்கு வெடிச்சத்தம் பழக்கமில்லை என்று கேட்டபோது சந்தோஷப்படுவதா கவலைப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அன்று இரவே தேடத் தொடங்கினேன்.

இணையத்தில் பழைய பொருள் விற்கிற தளத்தில் பிஸ்டல் என்று அடித்துப் பாருங்கள். காருக்குப் பெயின்ற் அடிக்கிற ஸ்பிரே பிஸ்டல், பசை உருக்குகிற துவக்கு, தசைப்பிடிப்புக்கு உடம்பில் வைத்துக் குலுக்குகிற துவக்கு. ஒரு கிழமை இவற்றைப் பார்த்ததில் இப்போதும் என் போனில் மசாஜ் விளம்பரமாக வருகிறது. பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர் ஆர்வமாக நாலு சாமானை எடுத்துப் போட்டார். சிகரெட் பற்றவைக்கிற பிஸ்டல் லைட்டர், பொட்டு வெடித் துவக்கு இரண்டு, கரள் பிடித்த கிறீஸ் அடிக்கிற துவக்கு ஒன்று. "இதுவும் சத்தம் போடும் அண்ணை" என்றார்.

லண்டனில் இருக்கிற கூட்டாளி, தன் பகுதியில் பழைய ஸ்டார்ட்டர் பிஸ்டல் ஒன்று விலைக்கு இருக்கிறதென்று படம் அனுப்பினான். பளிச்சென்ற செம்மஞ்சள். 2006ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, உண்மைத் துவக்குப் போலத் தெரிகிற போலிகளை அங்கே விற்க முடியாது. அதனால் இவற்றுக்கு இப்படி நிறமடித்து விடுகிறார்கள். "ரின்மீனுக்குள்ள வைச்சு அனுப்பவோ?" என்று கேட்டான். பகிடிக்குத்தான் கேட்டான். இருந்தாலும் அந்தச் செய்தியை உடனே அழித்தேன். துறைமுகத்தில் பெட்டியைத் திறக்கிறவருக்கு எங்கள் பகிடி விளங்கப்போவதில்லை.

ஒலிம்பிக்கே இதைக் கைவிட்டுவிட்டது. 2010இல் வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக்கில் இருந்து மின்னணுப் பிஸ்டல்தான்: அமுக்கினால் ஒளி, ஓடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் ஒலிபெருக்கியில் சத்தம். வெளி லேனில் நிற்கிறவருக்குச் சத்தம் பிந்திப் போகிற அநியாயமும் தீர்ந்தது, விமான நிலையத்தில் துவக்கை வைத்துக்கொண்டு விளக்கம் சொல்கிற தொல்லையும் தீர்ந்தது. அதன் விலையை விசாரித்தேன். அந்தக் காசுக்கு எங்கள் மைதானத்துக்குச் சுற்றுமதிலே கட்டலாம். 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டில் தங்கம் எடுத்த எங்கள் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்ந்தவர். அதற்கு வெடியும் தேவையில்லை, ஒலிபெருக்கியும் தேவையில்லை. புத்திசாலி.

கடைசியில் சாமான் இருந்த இடம் மானிப்பாய். என் வீட்டில் இருந்து சைக்கிளில் பதினைந்து நிமிடம். மலைநாட்டில் படிப்பித்து ஓய்வுபெற்று ஊருக்கு வந்த ஒரு மாஸ்டர் வீடு. அவருடைய பாடசாலையில் கழிவுப் பொருட்களை ஏலம் விட்டபோது, உடைந்த கரம் போர்ட்டோடும் கிழிந்த வலையோடும் சேர்த்து இதையும் எடுத்திருக்கிறார். ஏல ரசீதையும் வைத்திருந்தார். பிஸ்டலைக் காட்ட முன்னம் ரசீதைத்தான் காட்டினார்.

பிஸ்கற் ரின்னுக்குள், எண்ணெய்ச் சீலையில் சுற்றியிருந்தது. அதே மாதிரிதான். அதே மேற்கு ஜெர்மனி. இப்போது அந்தப் பெயரில் ஒரு நாடே இல்லை. கையில் எடுத்தேன். நினைத்திருந்ததை விடப் பாரம் குறைவு. எனக்குப் பதினான்கு வயதில் பெரிதாகத் தெரிந்தது, இப்போது சுண்டுவிரலுக்குப் பிடியில் இடமில்லை. போன் வெளிச்சத்தைக் குழல் வாயில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே இரும்பு அடைத்திருக்கிறது, ஒன்றும் வெளியே போகாது. புகை போகிற துவாரம் மேல்பக்கம், அதன் விளிம்பில் பழைய கரி. ஆனாலும் இது விளையாட்டுச் சாமான் இல்லை. அந்தத் துவாரத்துக்கு நேரே முகத்தை வைத்தால் கண் போகும். விசையை அமுக்கினேன். சுத்தியல் பின்னால் போய் விழுந்தது. டிக். வில் நல்ல இறுக்கமாக இருந்தது. தகட்டின் ஆறு துளைகளில் ஒன்றில் மட்டும் வெடிப்பு.

"எவ்வளவு சேர்?" என்றேன்.

"ஏலத்தில தந்த காசைத் தாரும். அறுபது ரூபா."

காகிதம் இல்லாமல் கொண்டுபோக மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அதிபரின் கடிதம், ரசீதின் பிரதி, நாலு பக்கமும் எடுத்த படம் எல்லாவற்றோடும் அலைந்தேன். ஒரு அலுவலகத்தில் இது துவக்கா விளையாட்டு உபகரணமா என்பதிலேயே ஒரு மணித்தியாலம் போனது. ஒரு இளம் பொலிஸ் அதிகாரி மட்டும் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தன் பாடசாலையிலும் இது இருந்தது என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: "வெடி எங்கே எடுக்கப் போறீங்கள்?"

அவ்வளவுதான். அங்கே தேடல் நின்றது. இந்தப் பிஸ்டலுக்கு 6 மில்லிமீற்றர் கட்டை வெடி வேண்டும். கொழும்பில் விசாரித்ததில், ஒரு கடைக்காரர் .22 நீள வெடி என்றால் அனுமதியோடு பார்க்கலாம் என்றார். அது இந்தத் தகட்டுக்குள் அடங்காது. சும்மா வெடியானாலும் மருந்து மருந்துதான், அதற்கு வேறு காகிதம். பிஸ்டல் இன்னும் மானிப்பாயில், பிஸ்கற் ரின்னுக்குள். மாதம் ஒருமுறை போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு டிக் என்று ஒருமுறை அமுக்கிவிட்டு வருகிறேன்.

இதற்கிடையில் இன்னொன்று நடந்தது. விசாரணைக்குப் பொலிஸ் வந்து போன கதை ஊரில் பரவி, அந்தப் பிள்ளையின் தாய் மைதானத்துக்கு வந்துவிட்டார். "வெடிச் சத்தத்தைப் பழக்கப் போறீங்களாம். நாங்கள் அதை மறக்க எவ்வளவு பாடுபட்டம். நீங்கள் என்ன சேர் காசு குடுத்துப் பழக்கிறீங்கள்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் பதில் சொல்ல முடியாமல் போனது. சுகததாச அரங்கில் நடந்ததைச் சொன்னேன். சத்தம் கேட்டதும் பிள்ளை கண்ணை மூடியதைச் சொன்னேன். அந்த இடத்தில் அவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

நான் பிறகு தச்சு வேலைக்காரரிடம் சொல்லிப் புதுப் பலகை செய்வித்தேன். பாலை மரம், ஒன்றரை அங்குல மொத்தம், ஒரு முழ நீளம். உள்பக்கம் வெள்ளை பெயின்ற், மூடுவது தூரத்தில் தெரியட்டும் என்று. முதல் அடிக்கே வேம்பில் இருந்த காகங்கள் எல்லாம் எழும்பிவிட்டன. பிஸ்டலுக்குக் கிட்ட வரும் சத்தம்.

போன வியாழன் பின்னேரம் அந்தத் தாய் மறுபடி வந்தார். வேம்புக்குக் கீழே இருந்து கொஞ்ச நேரம் பார்த்தார். ஒவ்வொரு அடிக்கும் அவருடைய தோள் ஏறி இறங்கியது. பிறகு எழும்பி வந்து, "நான் அடிக்கட்டோ சேர்?" என்றார்.

பலகையைக் கொடுத்தேன். முதல் தரம் கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். இரண்டாம் தரம் ஒரு கண். மூன்றாம் தரம் நான் "செட்" என்றதும் பலகையை விரித்துப் பிடித்தபடி பிள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றார். அடிக்கவில்லை. பொறுக்க முடியாமல் பிள்ளை பாய்ந்து ஓடிவிட்டாள். தவறான தொடக்கம். 2010இல் இருந்து இதற்கு ஒரே தரத்தில் வெளியே போகவேண்டியதுதான் என்று நான் சொல்ல வாயெடுத்தேன்.

தாய்க்குச் சிரிப்பு. "ஷெல் விழ முன்னம் ஓடுறது எங்கட பரம்பரைப் பழக்கம் சேர்" என்றார்.

பிள்ளையைத் திரும்பவும் கோட்டுக்கு வரச் சொன்னேன்.